குழந்தை பெல்ட்டில் என் முத்திரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் வாண்டும் சின்னதும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ சரிம்மா, சரிம்மா என்கிறாய், ஒருத்தர் இரண்டு தரம் சரி என்றால் ஒரு தரம்கூடக் காதில் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். எழுதி அனுப்பினால் படித்தாயா என்று கேட்டு மறுபடி மடக்கலாம். நீங்கள் கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அதற்குள் இது வந்து சேர்ந்துவிடும் என்று தபால் அலுவலகத்துப் பெண் சொன்னாள், அவள் சொன்னதையும் நான் பாதிதான் நம்பினேன். அப்பா இப்போது எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார், நீ சந்தேகப்படாத ஆள் யாராவது இருந்தா சொல்லு, நான் போய்ப் பாத்துட்டு வரேன் என்று கேலி பண்ணுகிறார். பண்ணட்டும்.

முதலில் உன்மேல் எனக்கு இருக்கும் சந்தேகங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளையும் நீ தனியாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாய். மருமகள் ஏன் வரவில்லை என்று கேட்டதும், அவளுக்கு லீவு இல்லம்மா என்று நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. அதற்கு முந்திய நிமிடம்வரை பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நீ பதில் சொன்னதும் குழாய் நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா. அப்புறம் பேச்சோடு பேச்சாக, வழியில ரெண்டும் தூங்கற மாதிரி ஏதாவது குடுத்துடலாம்மா என்றாய். குடுக்கறதுனா என்ன குடுக்கறது? நான் கேட்டேன், நீ சிரித்துவிட்டு மழையைப் பற்றி விசாரித்தாய். மகன் அம்மாவிடம் மழையைப் பற்றி விசாரித்தால் அங்கே ஏதோ புகைகிறது. மூன்றாவது, சின்னதுக்கு விமானத்தில் தொட்டில் இருக்கிறது, கவலையே இல்லை என்றாய். கவலையே இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அன்றையிலிருந்துதான் கவலை ஆரம்பிக்கிறது.

மருந்து விஷயத்தை முதலில் முடிக்கிறேன். சளி மருந்து, அரிப்பு மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொட்டு மருந்து, எதுவானாலும் தூங்க வைப்பதற்காக அந்தப் பிள்ளைகளின் வாயில் போகக் கூடாது. நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து எங்களைப் பரிசோதிக்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து தலைகால் புரியாமல் ஆடும், சிலவற்றுக்கு மூச்சே மந்தமாகிவிடும், மேலே போய் அப்படி ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். உங்கள் ஊர்க் குழந்தை டாக்டரிடம் கிளம்புகிற வாரத்தில் இரண்டையும் ஒரு தரம் காட்டு, காதில் சீழ், சளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். காய்ச்சல் மருந்து, நாள்தோறும் கொடுக்கும் மருந்து இருந்தால் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு நடுவழியில் கையைப் பிசையாதே. அழுதால் அழட்டும். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், அவரும் ஒரு காலத்தில் அழுது வளர்ந்தவர்தான், பேன்ட் சட்டையோடு பிறந்துவிடவில்லை.

ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், அதைச் சின்னதுக்குச் சொல்லத் தெரியாது, அலறத்தான் தெரியும். அந்த நேரத்தில் பாலோ சூப்புகிற ரப்பர் காம்போ வாயில் இருக்க வேண்டும், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இறங்குவது என்றால் சக்கரம் தரையைத் தொடும் நேரம் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு அரை மணி முன்னாலேயே கீழே வர ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் பாலை முன்கூட்டியே கொடுத்துத் தீர்த்துவிடாமல் மிச்சம் பிடித்து வை. வாண்டுக்கு உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி ஒரு குழாய் டம்ளர் போதும். அவனை நடைவழிப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்காதே, சூடான காப்பியும் தள்ளுவண்டியும் போகிற பாதை அது, கையை நீட்டாமல் இருக்க அவன் என்ன பொம்மையா. தொட்டில் கேட்டிருக்கிறாயே, அது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டாயா? நீ அனுப்பிய போட்டோவில் சின்னதின் கன்னத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எடை போட்டுப் பார். தொட்டிலைச் சுவரில் மாட்டியதும் பிள்ளையைப் போடாதே, இரண்டு கையாலும் அழுத்தி, கொக்கிகள் உள்ளே உட்கார்ந்தனவா என்று பார்த்துவிட்டுப் போடு. விமானம் குலுங்கப் போகிறது, பெல்ட் போடுங்கள் என்று விளக்கு எரிந்தால், எவ்வளவு அருமையாகத் தூங்கினாலும் எழுப்பி மடிக்கு எடுத்துவிடு. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்பது வீட்டில் சொல்லும் பேச்சு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக விமானத்து பெல்ட்டுகளைத்தான் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த வேலையை நீ ஒரு நாளும் கூர்ந்து கேட்டதில்லை, அம்மா ஏதோ தையல் கம்பெனிக்குப் போகிறாள் என்றுதான் உன் சிநேகிதர்களிடம் சொல்வாய். இப்போது கேட்டுக்கொள், காரணம் இருக்கிறது. மடியில் உட்காரும் பிள்ளைகளுக்கு என்று ஒரு சின்ன பெல்ட் உண்டு, அதில் ஒரு துணி வளையம் இருக்கும், அந்த வளையத்துக்குள் பெரியவரின் பெல்ட்டை விட்டு இழுத்தால் பிள்ளை நம்மோடு சேர்ந்து நிற்கும். நாங்கள் அதைக் குழந்தை பெல்ட் என்போம். மூட்டை மூட்டையாக வரும், துவைக்கும் அறையிலிருந்து காய்ந்து என் மேஜைக்கு வந்தால் நான் பட்டையை இரண்டு பக்கமும் விரலால் உருவிப் பார்ப்பேன், வளையத்தின் தையலை எண்ணுவேன், பக்கிளைப் பத்துத் தரம் மூடித் திறப்பேன், எடை கட்டித் தொங்கவிடுவேன். தேறினால் ஓரத்துத் துணி வில்லையில் என் முத்திரை விழும், தேறாவிட்டால் கத்தரியால் இரண்டாக வெட்டிச் சிவப்புத் தொட்டியில் போடுவேன். என் முத்திரை பதினேழு. பதினேழு விழுந்தால் அது கல்லு மாதிரி என்று பட்டறையில் ஒரு பேச்சு உண்டு, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

போன மாதம் ஒரு குழந்தை பெல்ட் தனியாக ஒரு உறையில் திரும்பி வந்தது, கூடவே விமானக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். விமானம் திடீரென்று குலுங்கியிருக்கிறது, வளையத்துத் தையல் விட்டுப் போய்ப் பிள்ளை மடியிலிருந்து நழுவியிருக்கிறது. பத்து மாதப் பிள்ளை. தாய் காலைப் பிடித்துவிட்டாள், முன் சீட்டின் விளிம்பில் நெற்றி இடித்து வீங்கியது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது, சூப்பர்வைசர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். வில்லையில் முத்திரை கை பட்டுப் பட்டு அழிந்திருந்தது, கடைசி எண் மட்டும் ஏழு என்று தெரிந்தது. ஏழில் முடியும் முத்திரை எங்கள் பட்டறையில் இரண்டுதான். ஒன்று என் பதினேழு, இன்னொன்று புதுப்பொண்ணின் இருபத்தேழு. அவள் வந்து இரண்டு வருடம் ஆகிறது, அவளுக்குப் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஆனாலும் அவளுக்குப் புதுப்பொண்ணு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை என்பதை உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள், எனக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இரண்டு மூன்று தரம் அவள் மேலங்கிப் பையில் போனைப் பார்த்திருக்கிறேன், எங்களுக்குப் போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் மேஜைக்கு வர வேண்டும் என்று விதி. இதையெல்லாம் கோத்து சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். நீங்க சொன்னா சரியாத்தான்மா இருக்கும் என்றார். மறுநாளே அவளைப் பரிசோதனை மேஜையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் முகத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தாள், போய்விட்டாள். குற்றம் இல்லாதவள் என்றால் சண்டை போட்டிருப்பாளே, வாயை மூடிக்கொண்டு போகிறாளே, அப்போதே தெரியவில்லையா என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர், வாய் பேசினா திமிருங்கற, பேசலைன்னா திருட்டுங்கற, அந்தப் பொண்ணு என்னதான் பண்ணும் என்றார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. அவள்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும், கையில் ஆதாரம் இல்லாமல் இருப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பெல்ட்டின் நுனியிலும் ஒரு எண் தைத்திருக்கும், அந்த எண்ணுக்கு ஒரு அட்டை இருக்கும், அட்டையில் பார்த்தவரின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். பழைய அட்டைகள் பின்கட்டு அறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, அத்தனையையும் யார் கிளறுவது என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். நான் சாப்பாட்டு இடைவேளையில் போய்க் கிளற ஆரம்பித்தேன். நாலு நாள். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அவளுடைய கையெழுத்து எனக்குத் தெரியும், கடைசி எழுத்துக்கு ஒரு வால் போடுவாள், அந்த வாலைத் தேடித்தான் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினேன். நாலாம் நாள் அட்டை கிடைத்தது. அதில் வால் இல்லை. அது என் கையெழுத்து.

முதலில் யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், பார், அப்போதும் புத்தி அங்கேதான் ஓடியது. அப்புறம் தேதியைப் பார்த்தேன். பார்த்ததும் அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சின்னது பிறந்த தேதி. அன்றைக்கு மருமகளுக்கு விடியற்காலையே வலி எடுத்துவிட்டது என்று நீ சொல்லியிருந்தாய், நான் போனைப் பெட்டியில் பூட்டாமல் மேலங்கிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பதினொரு மணி வாக்கில் நீ கூப்பிட்டாய், பொண்ணு பொறந்திருக்கும்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றாய், உன் குரல் உடைந்தது, எனக்குக் கண் மறைத்துவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் பட்டையை உருவினேன், எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள், யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரித்தார்கள். அப்போது புதுப்பொண்ணு என் பக்கத்தில் வந்து, அக்கா, இன்னைக்கு உங்க மேஜையை நான் பாத்துக்கறேன், நீங்க வெளிய உக்காந்து நல்லாப் பேசுங்க என்றாள். என் மேஜையைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரை குத்தினேன். எத்தனை குத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணமே வரவில்லை என்று உனக்கு எழுதினால் அது பொய். அட்டையை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க வேலை செய்தேன். ஒவ்வொரு பெல்ட்டையும் உருவும்போது ஒரு தாய் சின்னக் கால் ஒன்றைப் பிடித்து இழுப்பது மாதிரியே இருந்தது. வேலை முடியும் மணி அடித்ததும் முதலில் பெட்டி கட்டும் இடத்துக்குத்தான் போனேன். அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். என் சீல் இல்லைன்னு மட்டும் தெரியும்க்கா, அந்தத் தையலை நான் விட்டிருக்க மாட்டேன் என்றாள். அப்புறம் ஏன் வாயைத் திறக்கலை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்க முடிவு பண்ணிட்டீங்க. முடிவு பண்ணினவங்ககிட்ட என்ன சொன்னாலும் அதுவும் ஒரு குத்தமாத்தானே ஆகும். கோபமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சரிக்கா என்றாள். அந்த ஒரு சரியை நான் சந்தேகப்படவில்லை, அதே சமயம் அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசரிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, நீங்களாம்மா என்று மட்டும் கேட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் முத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவளை அவள் மேஜைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சின்னது பிறந்த வாரத்தில் நான் தேறியது என்று முத்திரை குத்திய குழந்தை பெல்ட்டுகள் முப்பத்தொன்று, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினார்கள். வந்த ஒவ்வொன்றையும் புதுப்பொண்ணு பரிசோதித்தாள், நான் பக்கத்தில் நின்று எண் படித்தேன். இன்னும் ஒன்றில் வளையத்துத் தையல் பாதி வழியில் நின்றிருந்தது, அதை அவள் என்னிடம் காட்டிவிட்டு வெட்டிப் போட்டாள். இருபத்தொன்பது வந்துவிட்டன. முதலில் தையல் விட்டு வந்ததோடு முப்பது. ஒன்று இன்னும் வரவில்லை. பழசாகிக் குப்பைக்குப் போயிருக்கும் என்று அந்த விமானக் கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள், போயிருக்கும் என்றால் என்ன அர்த்தம், போய்விட்டது என்று ஏன் எழுதவில்லை? நெற்றி இடித்துக்கொண்ட பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறது, நடக்க ஆரம்பித்துவிட்டது என்று இரண்டு வரி வந்தது. இந்த ஒன்றை மட்டும் நான் எந்தக் கேள்வியும் கேட்காமல் நம்பினேன்.

அதனால்தான் சொல்கிறேன் கண்ணா, முடிந்தால் சின்னதுக்கும் ஒரு தனி சீட் எடுத்து, விமானத்தில் வைக்கலாம் என்று அனுமதி எழுதியிருக்கும் குழந்தை இருக்கையில் உட்கார வைத்துக் கட்டு, அதைவிடப் பத்திரம் வேறு இல்லை. அது முடியாமல் மடியில்தான் என்றால், குழந்தை பெல்ட்டைக் கையில் கொடுத்ததும் மாட்டிவிடாதே. வளையத்துக்குள் உன் கையை விட்டு உன் பலம் எல்லாம் கொடுத்து மூன்று தரம் இழு. தையலைத் திருப்பி உள்பக்கமும் பார், நூல் நீட்டிக்கொண்டிருந்தால், பட்டை ஓரம் பஞ்சு மாதிரி ஆகியிருந்தால், வேறு ஒன்று கொடுங்கள் என்று கேள். அந்தப் பணிப்பெண் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள், அவள் மனம் நோகுமே என்று பார்க்காதே, சிரித்துக்கொண்டே கேட்கலாம். ஓரத்து வில்லையில் பதினேழு என்று இருந்தால், அம்மா பார்த்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடாதே, அதையும் மூன்று தரம் இழு. உன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று எவராவது யோசனை சொன்னால் கேட்காதே, விமானம் குலுங்கும்போது உன் உடம்பு முழுக்க அந்தச் சின்ன வயிற்றில்தான் அழுந்தும். மாற்றுத் துணி பிள்ளைகளுக்கு மட்டும் போதாது, உனக்கும் ஒரு சட்டை வை, வாந்தி எடுக்கிற பிள்ளை யார் மடி என்று பார்த்து எடுக்காது.

இப்போது மருமகள் விஷயம். உங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று நான் ஒரு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உன் தங்கையிடம் துருவினேன், போனில் சத்தங்களை ஒட்டுக் கேட்டேன், நீ அனுப்பும் போட்டோக்களில் அவள் எங்கே நிற்கிறாள், உன்னை ஒட்டியா தள்ளியா என்றுகூடப் பார்த்தேன். அந்த அட்டை கையில் கிடைத்த பிறகு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. வாண்டுக்கு ஒன்றரை வயதில் நீங்கள் வந்திருந்தபோது, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் நான் அடுக்களையில் அவள் கழுவி வைத்த பால் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன், இரண்டை மறுபடி கழுவினேன். திரும்பினால் அவள் ஈரத் தலையில் துண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். புட்டிகள் சுத்தமாகத்தான் இருந்தன. ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் அத்தை, அத்தை என்று வாய் நிறையத்தான் கூப்பிட்டாள், ஆனால் அதற்கப்புறம் அந்த அடுக்களைக்குள் அவள் காலே வைக்கவில்லை. ஏதோ சோம்பல் என்று அப்போது உன்னிடமே சொன்னேன், நினைவிருக்கிறதா. லீவு இல்லை என்பது நிஜம் என்றால் நான் சொன்னதை விட்டுவிடு. இல்லை, என் வீட்டுக்கு வரப் பிடிக்காமல்தான் இருக்கிறாள் என்றால், தப்பு அவள் பக்கம் இல்லை. இனிமேல் யாரிடமும் துருவுவதாக இல்லை, நேராகவே கேட்கிறேன், எது நிஜம்? இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு, நீ பொறுக்கி எடுத்துப் படித்துக் காட்டாதே, முழுசாக அவளே படிக்கட்டும், அம்மா தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து நீ வெட்கப்பட்டாலும் பரவாயில்லை.

எனக்கு மூன்று மாதத்துக்கு முத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், இப்போது பட்டை வெட்டும் மேஜையில் இருக்கிறேன். நான் வெட்டிக் கொடுப்பதைப் புதுப்பொண்ணு அளந்து பார்க்கிறாள், முதல் வாரம் அது ஊசி குத்தின மாதிரி இருந்தது, இப்போது அவள் அளக்காமல் விட்டால்தான் கூப்பிட்டு அளக்கச் சொல்கிறேன். மறுபடி பாட ஆரம்பித்துவிட்டாள். அப்பா உங்களுக்காக முன்னறையின் மூலைகளுக்கெல்லாம் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார், வாண்டின் தலை உயரம் எவ்வளவு என்று அளந்து எழுதச் சொன்னார், மறக்காமல் எழுது.

நீங்கள் எல்லோரும் கண்ணில் தூசி விழாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், வாண்டுக்கும் சின்னதுக்கும் எங்கள் ஆசீர்வாதம், மருமகளுக்குத் தனியாக என் அன்பு. டாக்டரிடம் காதைக் காட்டு, எடையைப் போடு, பெல்ட்டை இழு. ஐந்து வாரத்தில் லீவு கேட்க முடியுமா என்று அவளிடம் ஒரு தரம் கேட்டுப் பார், வற்புறுத்தாதே. வந்தாள் என்றால், விமான நிலையத்தில் வெளியே வரும் வாசலில் நான் முன்னால் பாய மாட்டேன். சின்னதை அவளாக என் கையில் கொடுக்கும்வரை நிற்கிறேன், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லட்டும், அப்படியே பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா